ஸ்போர்ட்ஸ் கார்களின் கூரை வகைகள்

ஸ்போர்ட்ஸ் கார்களின் கூரைகளைப் பொதுவாக ஆறு வகையாகப் பிரிக்கலாம். அவை நிலையான கூரை, மடிக்கும் துணிக்கூரை, மடிக்கும் உலோகக் கூரை, கழற்றி வைக்கும் கடினக் கூரை, டார்கா கூரை, சன்ரூஃப் எனப்படும் கண்ணாடித் திறப்புக் கூரை ஆகியனவாகும். வெயிலையும் மழையையும் தடுப்பது கூரையின் ஒரு பணி மட்டுமே. கார் முறுக்கிக்கொள்ளாமல் தாங்குவதும், கார் கவிழ்ந்தால் உள்ளிருப்பவர்களின் தலையைக் காப்பதும் அதன் மற்ற பணிகள். ஆகவே கூரையைத் திறக்கும்படி செய்யும் ஒவ்வொரு முறைக்கும் எடை, உறுதி, இடம், பாதுகாப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒரு விலையைக் கொடுத்தாக வேண்டும். அந்த விலை எதில், எவ்வளவு என்பதே இவ்வகைகளுக்கு இடையிலான வேறுபாடு.

கூரையும் காரின் உறுதியும்

மூடியுள்ள ஒரு காலணி அட்டைப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியைக் கழற்றிவிட்டு, இரு முனைகளையும் இரு கைகளால் பிடித்து எதிரெதிர்த் திசையில் திருகினால் பெட்டி எளிதில் முறுக்கிக்கொள்ளும். மூடியை வைத்து, சுற்றிலும் ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டுத் திருகினால் பெட்டி அசைந்து கொடுக்காது. அட்டையின் தடிமன் மாறவில்லை. மூடப்பட்ட வடிவம் முறுக்கு விசையை எல்லாப் பக்கங்களுக்கும் பகிர்ந்தளிக்கிறது.

இன்றைய பெரும்பாலான கார்களில் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். இவ்வமைப்பை மோனோகாக் என்பர். இதில் கூரை, பெட்டியின் மூடி போன்றது. அதை எடுத்துவிட்டால் வளைவில் திரும்பும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் உடல் சற்று முறுக்கும், கதவுகள் கிரீச்சிடும், முன் கண்ணாடிச் சட்டம் நடுங்கும், சக்கரங்கள் சாலையைப் பற்றும் துல்லியம் குறையும். இதை ஈடுசெய்யக் கதவுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டுச் சட்டங்களைத் தடிப்பாக்குவார்கள். தரைக்கு அடியில் குறுக்குத் தாங்கிகளைச் சேர்ப்பார்கள். அதனால்தான் கூரை இல்லாத கார், பெரும்பாலும் அதே காரின் கூரையுள்ள வடிவத்தைவிடக் கனமாக இருக்கிறது.

வண்டலூரில் தயாரான ஹெரால்டு

உடலும் அடிச்சட்டமும் தனித்தனியாக இருந்தால் கூரையின் சுமை குறையும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, சென்னை மக்களுக்கு நன்கு அறிமுகமான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1948இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் இக்காரைத் தயாரித்தது. அதன் தொழிற்சாலை இருந்த வண்டலூர் இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளது.

இக்காரின் மூலமான டிரையம்ஃப் ஹெரால்டு 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. முழு உடலையும் ஒரே ஆலையில் செய்து வாங்கும் வசதி தயாரிப்பாளர்களுக்கு அப்போது இல்லை. எனவே பகுதி பகுதியாகச் செய்யப்பட்ட தகடுகளைத் தனி அடிச்சட்டத்தின்மேல் போல்ட்டுகளால் பொருத்தினார்கள். கூரையும் அவ்வாறே போல்ட் போட்டு இறுக்கப்பட்டது. விசையின் பெரும்பகுதியை அடிச்சட்டமே தாங்கியதால், ஒரே அடிப்படையில் மூடிய கார், கூபே, திறந்த கூரைக் கார் ஆகியவற்றைச் செய்வது அவர்களுக்கு எளிதாயிற்று. இந்தியாவில் ஹெரால்டு குடும்பக் காராகவே பெயர் பெற்றது. இங்கே ஓடியவை பெரும்பாலும் மூடிய கூரையுள்ளவை.

இக்காரை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கலோட்டி. அவர் அதே நிறுவனத்துக்காக வடிவமைத்த டிரையம்ஃப் டிஆர்4 என்னும் ஸ்போர்ட்ஸ் கார் 1961இல் வந்தது. கீழே சொல்லப்படும் டார்கா கூரைக்கு அதுவே முன்னோடிகளில் ஒன்று.

நிலையான கூரை

கூபே எனப்படும் இவ்வகையில் கூரை உடலோடு ஒன்றியிருக்கும். எடை குறைவு, உறுதி அதிகம், காற்றும் சீராக வழுக்கிச் செல்லும். மிகுந்த வேகத்தையும் துல்லியத்தையும் விரும்புவோர் இதையே தேர்ந்தெடுப்பர். சில கார்களில் எஃகுக்குப் பதிலாகக் கார்பன் இழைக் கூரை வைக்கப்படுகிறது. 2003இல் வந்த பி.எம்.டபிள்யூ எம்3 சிஎஸ்எல் இதற்கு எடுத்துக்காட்டு. காரின் மிக உயரமான பகுதியில் எடை குறைவதால் ஈர்ப்பு மையம் கீழிறங்கி, வளைவுகளில் கார் சாய்வது குறைகிறது.

மடிக்கும் துணிக்கூரை

ஜீப்பின் கித்தான் கூரையைப் பார்த்தவர்களுக்கு இதன் அடிப்படை புரியும். உலோக வளைவுகளின்மேல் பல அடுக்குத் துணி இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற கார்களில் இதைக் கையால் மடிக்கலாம். விலையுயர்ந்த கார்களில் மோட்டார் மடிக்கும். எடை குறைவு என்பதும், மடித்தால் சிறிய இடத்தில் அடங்கும் என்பதும் இதன் நன்மைகள். இரைச்சலும் வெப்பமும் உள்ளே வருவதும், கத்தியால் கிழிக்க முடிவதும் குறைகள். பழைய கார்களில் பின்பக்க ஜன்னல் மென்மையான பிளாஸ்டிக்கால் ஆனது. அது நாளடைவில் மஞ்சளித்து வெடிக்கும் என்பதால் இப்போது கண்ணாடியே பொருத்தப்படுகிறது.

வேகமாகச் செல்லும்போது துணிக்கூரை பலூன்போல் மேல்நோக்கி உப்புவதைக் காணலாம். வளைந்த கூரையின்மேல் காற்று விரைந்து ஓடுவதால் அங்கே அழுத்தம் குறைகிறது. உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் துணியை வெளியே தள்ளுகிறது. பாடநூலில் படிக்கும் பெர்னூலி விதிக்கு இது கண்முன் தெரியும் சான்று.

மடிக்கும் உலோகக் கூரை

கூரையே இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரிந்து டிக்கிக்குள் இறங்கும் வகை இது. பிரான்சில் பல் மருத்துவராக இருந்துகொண்டே கார் வடிவமைப்பிலும் ஈடுபட்ட ஜார்ஜ் போலன் என்பவரின் யோசனையில், 1930களிலேயே பெஜோ நிறுவனம் இதைச் செய்து காட்டியது. அமெரிக்காவில் ஃபோர்டு ஸ்கைலைனர் 1957 முதல் 1959 வரை இக்கூரையுடன் விற்றது. 1996இல் வந்த மெர்சிடிஸ் எஸ்எல்கே இதை மீண்டும் புகழ்பெறச் செய்தது.

மூடினால் கூபே, திறந்தால் திறந்தவெளிக் கார் என்ற இரட்டை வசதி இதில் கிடைக்கிறது. ஆனால் எடையும் செலவும் கூடும். டிக்கியின் இடம் பறிபோகும். இந்த விலையைப் புரிந்துகொள்ளப் பி.எம்.டபிள்யூ இசட்4 காரின் வரலாறே போதும். முதல் இசட்4 துணிக்கூரையுடன் வந்தது. 2009இல் வந்த இரண்டாம் தலைமுறை உலோகக் கூரைக்கு மாறியது. அதில் கூரை மூடியிருக்கும்போது டிக்கியின் கொள்ளளவு 310 லிட்டர்; திறந்தால் 180 லிட்டர். 2018இல் அறிமுகமான மூன்றாம் தலைமுறை மீண்டும் துணிக்கூரைக்கே திரும்பியது. இப்போது கூரை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் 281 லிட்டர். 50 கிலோமீட்டர் வேகம் வரை ஓடிக்கொண்டிருக்கும்போதே 10 விநாடிகளில் இக்கூரை மடிந்துவிடும். ஃபெராரி நிறுவனமும் 2023இல் ரோமா ஸ்பைடர் காருக்குத் துணிக்கூரையையே தேர்ந்தெடுத்தது.

பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் சென்னைத் தொழிற்சாலை, செங்கல்பட்டு அருகே சிங்கபெருமாள்கோவிலை ஒட்டிய மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் இயங்குகிறது. ஆயினும் இசட்4 அங்கே தயாராவதில்லை. முழுக் காராக இறக்குமதி செய்யப்பட்டே இந்தியாவில் விற்பனைக்கு வந்தது.

கழற்றி வைக்கும் கடினக் கூரை

இது முழுத் துண்டாகத் தூக்கி எடுக்கும் கூரை. 1963இல் வந்த மெர்சிடிஸ் எஸ்எல் கார் இதற்குப் புகழ்பெற்றது. அதன் கூரை நடுவில் சற்றுக் குழிந்து, புத்த கோயில்களின் கூரையை ஒத்திருந்ததால் பகோடா என்றே அக்கார் அழைக்கப்பட்டது. இவ்வகைக் கூரையைக் கழற்ற இருவர் வேண்டும். கழற்றியதை வீட்டிலேயே விட்டுச் செல்ல வேண்டும். வழியில் மழை வந்தால் உடனிருக்கும் துணிக்கூரையே துணை.

டார்கா கூரை

முன் கண்ணாடியும், இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள உறுதியான வளைவும் அப்படியே இருக்க, தலைக்கு மேலுள்ள தகட்டை மட்டும் எடுக்கும் முறை இது. டிரையம்ஃப் டிஆர்4 காரில் பின்கண்ணாடிச் சட்டம் நிலையாக இருந்தது, நடுத்தகட்டைக் கழற்றலாம். கழற்றிய தகட்டை வைக்கக் காரில் இடம் கிடையாது என்பதால் மழைக்கு விரிக்கச் சிறிய துணி மூடி ஒன்றும் கிடைத்தது.

1965இல் போர்ஷே 911 டார்கா பிராங்ஃபர்ட் கண்காட்சியில் காட்டப்பட்டது. சிசிலித் தீவில் நடந்த டார்கா ஃப்ளோரியோ என்னும் சாலைப் பந்தயத்தின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. திறந்த கார்களை அமெரிக்க அரசு தடை செய்யக்கூடும் என்ற அச்சம் அப்போது தயாரிப்பாளர்களிடையே நிலவியது. கார் கவிழ்ந்தாலும் நசுங்காத வளைவைப் பின்னால் வைத்தது அதற்கான விடை. 1968இன் ஷெவ்ரலே கார்வெட்டில் நடுவே ஒரு தண்டு மட்டும் நிற்க, இருபுறமும் இரு தகடுகளைக் கழற்றலாம். இதை டி-டாப் என்பர்.

சன்ரூஃப்

நிலையான கூரையில் சட்டமிட்டு வெட்டிய திறப்பைக் கண்ணாடியால் மூடுவது இவ்வகை. கூரையின் ஓரச் சட்டங்கள் அப்படியே இருப்பதால் காரின் உறுதி பெரிதும் குறைவதில்லை. கண்ணாடியைச் சுற்றி ஒழுகும் நீர், மூலைகளிலுள்ள மெல்லிய குழாய்கள் வழியே காரின் தூண்களுக்குள் இறங்கி வெளியேறும். அக்குழாய்கள் அடைபட்டால் நீர் இருக்கைக்கே வந்துவிடும்.

கடற்கரைச் சாலைக்கு எது பொருந்தும்?

சென்னையிலிருந்து முட்டுக்காடு, கோவளம் வழியாக மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுமுறை நாள்களில் ஸ்போர்ட்ஸ் கார்களைக் காணலாம். இப்பகுதியின் கத்திரி வெயில், உப்புக்காற்று, வடகிழக்குப் பருவமழை ஆகிய மூன்றும் திறக்கும் கூரைகளுக்குச் சோதனையே.

கோடையில் நண்பகலில் கூரையைத் திறந்து ஓட்டுவது உடலுக்கு ஏற்றதன்று. காலையும் மாலையுமே அதற்கு உகந்த நேரம். உப்புப் படிந்தால் மடிப்புக் கீல்களும் தாழ்களும் துருப்பிடிக்கும். கடற்கரையிலிருந்து திரும்பியதும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும். நனைந்த துணிக்கூரையை மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்; உலர்ந்த பிறகே மடிக்க வேண்டும். சன்ரூஃப் உள்ள காரைச் சவுக்குத் தோப்பின் அடியில் நிறுத்தினால் சருகு விழுந்து நீர்க்குழாய் அடைபடலாம். ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. அன்றாடப் பயன்பாட்டுக்கு நிலையான கூரையே இங்கு தொல்லை குறைந்தது. திறந்தவெளியும் வேண்டும் என்போருக்கு டார்கா நல்ல இடைவழி.

பாதுகாப்பும் சட்டமும்

சாதாரணக் காரின் கூரையை வெட்டித் திறந்த காராக்கும் ஆசை சிலருக்கு உண்டு. அட்டைப்பெட்டிச் சோதனையை நினைத்துப் பார்த்தால் அதன் ஆபத்து விளங்கும். வெட்டிய பிறகு பக்கச் சட்டங்களில் வலுவூட்டலும் இல்லை. கவிழ்ந்தால் தலையைக் காக்க வளைவும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வாகனத்தின் மூல அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தித் தீர்ப்பளித்துள்ளது.

சன்ரூஃப் வழியே குழந்தைகளை நிற்கவைத்துக் காரை ஓட்டுவது அதைவிடப் பரவலான தவறு. 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் மோதி நின்றால், நிற்கும் குழந்தையின் உடல் அதே வேகத்தில் தொடர்ந்து முன்னேறும். கூரையின் விளிம்பு வயிற்றிலோ மார்பிலோ தாக்கும். இல்லையேல் குழந்தை வெளியே வீசப்படும். 60 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு 16.7 மீட்டர். ஏறத்தாழ 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்கு மாடி உயரத்திலிருந்து, விழும் பொருள் தரையைத் தொடும் வேகமும் அதுவே. மோதல் வேண்டியதில்லை, குறுக்கே ஒரு மாடு வந்து ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினாலே போதும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கைப் பட்டையோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் பயணித்தால் 1000 ரூபாய் அபராதம். கூரை எவ்வகையாக இருந்தாலும், அது திறந்திருக்கும்போது உள்ளிருப்பவரைக் காருடன் பிணைத்து வைப்பது இருக்கைப் பட்டை ஒன்றே. காற்று வாங்கவும் வானத்தைப் பார்க்கவும் அமர்ந்தபடியே முடியும். அதற்காகவே இக்கூரைகள் வடிவமைக்கப்பட்டுள்ளன.