டிரிப்ஸ் கழற்றிய பிறகு

ஊரப்பாக்கத்தில் குடியிருப்பவருக்குப் புற்றுநோய் என்றால் இரண்டு வழி உண்டு. மின்சார ரயிலில் கிண்டியில் இறங்கி, 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகலாம். இல்லையேல் செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு மருத்துவமனைக்கு. எங்கே போனாலும் வாய்ப்புற்று, கருப்பைவாய்ப் புற்று என்றால் கதிர்வீச்சோடு பெரும்பாலும் ஏற்றப்படுவது சிஸ்பிளாட்டின்.

இது பிளாட்டினம் அடங்கிய மருந்து. 1965-இல் மிச்சிகனில் பார்னெட் ரோசன்பர்க் பாக்டீரியாவில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம் செல்கள் பிரிவதை நிறுத்தியது. மருந்து கிடைத்துவிட்டது, ஆனால் ஆரம்பச் சோதனைகளில் சிறுநீரகங்கள் பழுதானதால் அதுவே கைவிடப்பட்டிருக்கும். நரம்பு வழியே நிறைய உப்புநீர் ஏற்றும் முறைதான் காப்பாற்றியது. 1978-இல் அமெரிக்கா அனுமதித்தது. இன்றும் மருந்துக்கு முன்னும் பின்னும் பாட்டில் பாட்டிலாக டிரிப்ஸ் ஓடுவது அதனால்தான்.

சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்கள் இம்மருந்தைத் தாமாகவே உள்ளே இழுக்கின்றன. ரத்தத்தில் இருப்பதைவிடச் செறிவு அங்கே பல மடங்கு கூடுகிறது. செல்கள் சாகின்றன, மக்னீசியம் சிறுநீரில் ஒழுகுகிறது. பலருக்குச் சரியாகிவிடும். சிலருக்குத் தழும்பு தங்கி, வடிகட்டும் திறன் பழைய நிலைக்குத் திரும்புவதே இல்லை.

இதைக் காட்டிக்கொடுக்க வேண்டிய கிரியேட்டினின் சோதனையும் ஏமாற்றும். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. வாய்ப்புற்றால் மாதக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல் இளைத்தவருக்குத் தசை குறைவு. சிறுநீரகம் தளர்ந்தும் ரிப்போர்ட்டில் எண் 'நார்மல்' என்றே நிற்கும். வயது, எடையைச் சேர்த்துக் கணக்கிட்டால் ஓரளவு உண்மை தெரியும்.

என் பார்வையில் ஆபத்தான கட்டம் மருத்துவமனையில் இல்லை, வீட்டில்தான். மருந்து ஏற்றிய அடுத்த சில நாட்கள் குமட்டலில் தண்ணீர் இறங்காது. செங்கல்பட்டு மே மாத வெயிலில் வியர்த்தே உடல் வற்றும். வலிக்கிறதென்று மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டால், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறையும்.

சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவர்களில் பலருக்கு நெடுநாளாகக் கதிர்வீச்சு மட்டும் கொடுக்கப்பட்டது. சிஸ்பிளாட்டின் ஒத்துக்கொள்ளாத தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 356 பேரிடம் மும்பை டாடா நினைவு மருத்துவமனை நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. கதிர்வீச்சோடு டோசிடாக்ஸெல் என்ற வேறொரு மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் இரண்டாண்டு நோயின்றி இருந்தவர்கள் 42 சதவீதம். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 30.