கட்டடத்துக்குள் வழிகாட்டும் அலைவரைபடமும் தமிழ் இடப்பெயர்களும்

தென்லண்டனில் தமிழர் செறிந்து வாழும் பகுதிகளுள் தோர்ண்டன் ஹீத் ஒன்று. இங்கு லண்டன் ரோட்டில் அமைந்துள்ள குரோய்டன் பல்கலைக்கழக மருத்துவமனை 2010 வரை மேடே மருத்துவமனை என வழங்கியது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய முதியவர் ஒருவரைத் திறன்பேசியின் செயற்கைக்கோள் வழிகாட்டி இதன் வாயில்வரை கொண்டுவந்து சேர்த்துவிடும். உள்ளே நுழைந்ததும் அதன் துணை அற்றுப்போகிறது. ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் மெல்லிய அலை, காங்கிரீட் தளங்களால் மேலும் மங்கிவிடுகிறது. ஆங்கிலப் பலகைகளைப் படிக்க இயலாதவருக்கு இடர்ப்பாடு தொடங்குவது அங்கேதான்.

கட்டடத்துக்குள் செயற்கைக்கோளின் பணியை ஏற்கக்கூடியவை வைஃபை அணுகுமுனைகள். ஒவ்வொன்றும் தன் அடையாள எண்ணை இடையறாது அறிவிக்கிறது. அவ்வலையின் வலிமையைத் திறன்பேசி அளக்கிறது. வெட்டவெளியில் தொலைவு இருமடங்கானால் வலிமை 6 டெசிபெல் குறையும். சுவர்களுக்குள் இக்கணக்குப் பொருந்தாது. செங்கல் தடுக்கும், இரும்புக் கதவு திருப்பியனுப்பும், மனித உடலிலுள்ள நீர்கூட 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சும். ஆகவே தொலைவைக் கணிப்பதை விடுத்து, ஓரிடத்தில் எந்தெந்த முனைகள் எவ்வளவு வலிமையுடன் கிட்டுகின்றன என்பதை அவ்விடத்தின் கைரேகைபோலப் பதிந்துகொள்வதே பயன்தரும் வழியாயிற்று. பின்னர் வருபவரின் பேசி காணும் எண்களோடு எப்பதிவு மிக ஒத்திருக்கிறதோ, அதற்குரிய இடமே அவர் நிற்கும் இடம்.

மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த பரம்வீர் பாஹ்ல், வேங்கட பத்மநாபன் இருவரும் 2000இல் வெளியிட்ட ரேடார் என்னும் ஆய்வு இம்முறைக்கு முன்னோடி. மூன்று நிலையங்களைக் கொண்டு, 70 இடங்களில், நான்கு திசைகளை நோக்கி நின்று அளந்தனர். நிற்பவரின் உடலே அலையை மறைப்பதால் திசையும் கணக்கில் சேர்ந்தது. இடைநிலைப் பிழை 3 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. மருத்துவமனை நடையில் அது ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் உள்ள வேறுபாடு.

இன்று இதே அளவையைத் திறன்பேசி ஒன்றால் செய்யலாம். ஆனால் பொறுமை வேண்டும். 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், இரண்டு நிமிடங்களுக்கு நான்கு முறைக்குமேல் அலைகளைத் துழாவச் செயலிகளுக்கு இடமில்லை. ஓரிடத்தில் 20 அளவைகள் எடுக்கப் பத்து நிமிடங்கள். 70 இடங்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம். ஐபோனோ இப்பட்டியலைப் பொதுச் செயலிகளுக்குத் தருவதே இல்லை. இத்தனை உழைத்து உருவாக்கிய வரைபடமும் ஓர் அணுகுமுனையை மாற்றினால் பழுதாகும். இச்சுமையைக் குறைக்க, நடப்போரின் பேசிகளிலுள்ள அசைவு உணரிகளையும் தளப்படத்தையும் இணைத்து வரைபடம் தானே உருவாகும் வழியை, பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்குழு 2012இல் ஸீ என்ற பெயரில் முன்வைத்தது.

எண்கள் இவ்வாறு தாமே சேரலாம், பெயர்கள் சேரா. லண்டனிலேயே பிம்லிகோ சுரங்க ரயில் நிலையத்தில், பார்வையற்றோருக்குப் புளூடூத் வழிச்சுட்டிகளைக் கொண்டு குரல்வழி வழிகாட்டும் வேஃபைண்டர் முயற்சி சோதிக்கப்பட்டது. வழிகாட்டல் குரலாக மாறியவுடன் சொல்தேர்வு இன்றியமையாததாகிறது. தோர்ண்டன் ஹீத் முதியவருக்கு அக்குரல் எந்தத் தமிழில் பேசும்? இலங்கையில் 'வெளிநோயாளர் பிரிவு' எனப்படுவது தமிழ்நாட்டில் 'புறநோயாளிகள் பிரிவு'. யாழ்ப்பாணத்தவர்க்கு 'வாட்டு', 'எக்ஸ்றே' என்பன வீட்டுச் சொற்கள்; 'ஊடுகதிர்' என்றால் அவர் தயங்கி நிற்கக்கூடும். மருத்துவமனையின் பழைய பெயரும் நாவை விட்டு எளிதில் அகலுவதில்லை. ஆங்கிலப் பட்டியலைப் பின்னர் மொழிபெயர்த்து ஒட்டுவதைவிட, அளவையின்போதே அப்பகுதித் தமிழர் ஒருவர் உடன் நடந்து, ஒவ்வோர் இடத்தையும் தாம் அழைக்கும் பெயரைச் சொல்லிப் பதிவுசெய்வது தக்கது. ஓரிடத்துக்கு இரண்டு மூன்று பெயர்கள் இருப்பது குறையன்று. தேடுபவர் எதைச் சொன்னாலும் கண்டுகொள்ள அவை உதவும்.

மாடி எண்ணிக்கையில் இச்சிக்கல் தெளிவாகத் தெரிகிறது. ஒரு மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஏறத்தாழ 12 பாஸ்கல் குறைவதால், அழுத்தமானி கொண்ட பேசி மாடி மாறியதை உணர்ந்துவிடும். ஆயினும் 'முதல் தளம்' என்று அது அறிவித்தால், தரைத்தளம் என ஒருவரும் அதற்கு மேலுள்ளது என மற்றொருவரும் கொள்வர். 'முதல் மாடி' என்றால் படியேற வேண்டும் என்பதில் இருவருக்கும் ஐயமிராது.