பாலை பாழன்று

தமிழ் மரபு பாலைக்குத் தனிநிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரியுமிடத்துப் பாலை தோன்றும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் கருத்தாகும். ஆயின், ராஜஸ்தானத்துத் தார்ப் பாலை நம் இலக்கியம் கூறும் பாலையினின்றும் வேறுபட்டது; தனக்கெனப் புல்லும் புள்ளும் வாழ்முறையும் உடைய முழுநிலம் அது. இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்குவது ஜைசல்மேர், பார்மர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் பாலைவனத் தேசியப் பூங்கா.

1980ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற இதன் பரப்பு 3,162 சதுர கிலோமீட்டர். பாலைவனம் என்றதும் மணற்குன்றுகளே நம் நினைவில் எழும். ஆனால் இங்கு அவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. எஞ்சியவை பாறைத் தரைகளும் புல்வெளிகளுமாம். மழை அரிதாயினும் சேவண் என்னும் புல் ஆழ வேரூன்றி மணலைப் பிணித்து நிற்கிறது. வன்னிமரம் ஆட்டிற்குத் தழையும் மனிதர்க்குக் காயும் தருகிறது. இங்குள்ள சிற்றூர் மக்கள் ஆடும் மாடும் ஒட்டகமும் மேய்த்து வாழ்கின்றனர். சுற்றுப்புறத்தில் 'ஓரண்' எனப்படும் புனிதக் காடுகளில் மரம் வெட்டுவதை மரபாகவே விலக்கி வந்துள்ளனர்.

இந்நிலத்தின் தலையாய பறவை கானமயில். பெயரளவில் மயிலாயினும் இது மயிலினத்தைச் சார்ந்ததன்று. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுடையது. ஆண் பறவை 15 கிலோ வரை எடை கொள்ளும். பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையைத் தரையில் இடும். முற்காலத்தில் தமிழகப் புல்வெளிகளிலும் உலவிய இப்பறவை, 2018ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 150 மட்டுமே எஞ்சியதாக மதிப்பிடப்பட்டது. அவற்றுட் பெரும்பாலானவை ஜைசல்மேர்ப் பகுதியினவே.

வெயிலும் காற்றும் மிகுந்த இப்பகுதியில் மின்னாக்க நிலையங்கள் பெருகின. அவற்றோடு உயர்மின் கம்பிகளும் பெருகின. கானமயிலின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்தவை. ஆதலின் நேர்முன்னே உள்ள கம்பியை அது எளிதிற் காணாது. அருகில் வந்தபின் விலகவும் அதன் பருவுடல் இடந்தராது. கம்பிகளை மண்ணுக்கடியிற் பதிக்குமாறு 2021இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2024இல் அதனைத் தளர்த்தி, வல்லுநர் குழுவின் ஆய்வுக்கு விடுத்தது. கதிரவன் தரும் தூய மின்னாற்றலும் நாட்டிற்கு வேண்டுவதே. எனவே, இங்கு மோதுவன இரு நன்மைகள் என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

சாம் என்னுமிடத்து வளர்ப்பு மையத்தில் 2019 முதல் கானமயிற் குஞ்சுகள் பேணப்பட்டு வருகின்றன. அவை வளர்ந்தபின் பறந்து திரிய வெளி வேண்டுமன்றோ? புல்வெளியைத் 'தரிசு' எனப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் நீடிக்குமாயின், காப்பதற்கு அங்கு யாதுமில்லை என்ற எண்ணமே வேரூன்றும். ஒரு நிலத்திற்கு நாம் இடும் பெயர் அந்நிலத்தின் விதியையும் எழுதிவிடுகிறது. சொல்லைப் பயில்வோர் இதனை மறத்தலாகாது.