மாஹிம் கழிமுகமும் வெள்ளக் காப்பீடும்

விகார், பவாய் ஏரிகளின் உபரி நீரைக் கொண்டுவரும் மித்தி ஆறு, தாராவியை ஒட்டிச் சென்று மாஹிம் கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது. கடல் ஏற்றத்தின்போது ஆற்று நீர் வடிவது தடைப்படுகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது நேர்ந்த பேரழிவுக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

‘நூறாண்டு வெள்ளம்’ என்பது 100 ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே வருவதன்று. ஆண்டுதோறும் 1 சதவீத வாய்ப்புடையது. 30 ஆண்டுகளில் ஒருமுறையேனும் அது நிகழும் வாய்ப்பு ஏறத்தாழ 26 சதவீதமாகும்.

இத்தகைய இழப்பைப் பலரும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடே காப்பீடு. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசி வெள்ளச் சேதத்தையும் ஏற்கிறது. வாடகைக்குக் குடியிருப்போர் வீட்டுப் பொருள்களுக்கு மட்டும் காப்பீடு பெறலாம். இச்செய்தி அவர்களுக்கு எட்டாவிடில், வெள்ள வரைபடம் அபாயத்தைக் காட்டுமேயன்றி இழப்பை ஈடுசெய்யாது.