ஜார்ஜ் மோரிசன் (1919–2000): கைவிடாத ஒரு கோடு

மினசோட்டாவில், சுப்பீரியர் ஏரிக்கரையோரம், ஒஜிப்வே குடும்பத்தில் பிறந்தவர். நியூயார்க்கில் ஓவியம் பயின்று, அங்கிருந்த அரூப ஓவியர்களோடு பழகி, 1952இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் பாரிஸ் சென்றார். இறகும் குதிரையும் வரைந்தால்தான் பழங்குடி ஓவியம் என்று பலரும் எண்ணிய காலம். மோரிசன் அந்த வார்ப்புக்குள் அடங்கவில்லை.

1960களின் நடுவில், அட்லாண்டிக் கரையில் ஒதுங்கிய மரத்துண்டுகளைப் பொறுக்கிச் சேர்க்கத் தொடங்கினார். இந்த மரப்படைப்புகளை அருகில் வந்து பாருங்கள்: உப்புநீரில் வெளுத்த பலகை, பழைய பெயின்ட் ஒட்டிய சில்லு, ஆணி கழன்ற துளை. எவ்வளவு பொறுமையாகப் பொருத்தியிருக்கிறார்! மேற்பகுதியில் குறுக்கே ஓடும் கோடுதான் தொடுவானம். மரமோ வண்ணமோ, பிற்காலத்தில் அந்தக் கோடு அவரை விட்டு அகலவேயில்லை. 1970இல் மினசோட்டா திரும்பியவர், பின்னர் ஏரிக்கரையிலேயே கலைக்கூடம் அமைத்து, அந்தத் தொடுவானத்தைப் பார்த்தபடி வரைந்தார்.