பார்வை குறைந்த தம்பிக்கு எந்த கேமிங் மானிட்டர்?

"மூக்கு ஸ்கிரீன்ல இடிக்குதுடா!" புதுக்கோட்டை வீட்டில் அம்மாவின் தினசரி சத்தம் இது. கண்ணாடி போட்டும் தம்பிக்குப் பார்வை மங்கல்தான். கேமையும் விட மாட்டான். குனிந்து குனிந்து கழுத்துவலி வந்ததுதான் மிச்சம்.

மானிட்டர் வாங்கப் போனால் '4கே, 144 ஹெர்ட்ஸ்' என்று அடுக்குகிறார்கள். ஹெர்ட்ஸ் கூடினால் அசைவு வழுக்கிக்கொண்டு ஓடும், எழுத்து பெரிதாகாது. 4கே-யில் ஸ்கேலிங்கைக் கூட்டாவிட்டால் எழுத்து பொடிப்பொடியாகிவிடும்.

24 இன்ச்சிலிருந்து 27-க்குப் போனால் படம் எட்டில் ஒரு பங்குதான் பெரிதாகும். 60 செ.மீ. தள்ளியிருக்கும் திரையை 30-க்கு இழுத்தாலோ இரண்டு மடங்காகத் தெரியும்! அதனால் 27 இன்ச் மானிட்டரோடு, முகத்துக்கு நேரே இழுத்து நிறுத்தும் ஸ்டாண்டையும் வாங்கினோம். அதை மாட்ட மானிட்டரின் முதுகில் நான்கு துளைகள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விண்டோஸ் கீயோடு பிளஸ்ஸை அழுத்தினால் வரும் உருப்பெருக்கிக்குக் காசே வேண்டாம். இதற்கெல்லாம் முன்னால், கண் டாக்டரிடம் ஒரு நடை.

தம்பி இப்போது நிமிர்ந்து உட்கார்ந்தே தோற்கிறான்.