புராஸ்டேட் வீக்கம்: கிராம் கணக்கை விடுங்க, ராத்திரிக் கணக்கைப் பாருங்க

வயித்து வலின்னு ஸ்கேன் எடுத்திருப்பாங்க. ரிப்போர்ட்டோட கடைசியில 'புராஸ்டேட்டோமெகாலி, கிரேடு 2'ன்னு ஒரு வரி இருக்கும். வயித்து வலி மறந்துபோயிடும், வீடே அந்த வரியைப் பார்த்து பயந்துடும். முதல்ல இதைச் சொல்லிடறேன்: வயசானா வர்ற இந்த புராஸ்டேட் வீக்கம் புற்றுநோய் இல்ல, புற்றுநோயா மாறவும் மாறாது. ஆனா ரெண்டும் ஒரே ஆளுக்குத் தனித்தனியா வரலாம். அதனாலதான் டாக்டர் சில பேருக்கு பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை எழுதறார்.

சிறுநீர்ப்பைக்கு நேர் கீழ, சிறுநீர்க் குழாயைச் சுத்தி இருக்கிற சுரப்பிதான் புராஸ்டேட். இளவயசுல சுமார் 20 கிராம். நாப்பதுக்கு மேல மெதுவா வளரும். அறுபதுகள்ல பாதிப் பேருக்காவது இந்த வளர்ச்சி இருக்கும்.

ஏன் வளருதுங்கிறதுக்கு ஒரு சுவாரசியமான கதை இருக்கு. டொமினிக்கன் குடியரசுல சில குடும்பங்கள்ல, டெஸ்டோஸ்டிரோனை டிஹெச்டிங்கிற இன்னும் வீரியமான ஹார்மோனா மாத்தற என்சைம் பிறவியிலேயே குறைவு. ஜூலியான் இம்பெராட்டோ மெக்கின்லிங்கிற மருத்துவர் தன் குழுவோட 1974-ல அவங்களைப் பத்தி எழுதினார். அந்த ஆண்களுக்கு வயசான பிறகும் புராஸ்டேட் சின்னதாவே இருந்துச்சு. அப்போ அந்த என்சைமை மாத்திரையால தடுத்தா என்ன? அப்படி வந்ததுதான் ஃபினாஸ்டரைடு. 1992-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். 80 கிராம் இருக்கிறவர் ராத்திரி பூரா நிம்மதியா தூங்குவார். 30 கிராம் இருக்கிறவர் நாலு தடவை எழுந்திருப்பார். அளவுக்கும் அவஸ்தைக்கும் நேர்க் கணக்கு கிடையாது. சுரப்பி எந்தப் பக்கம் வளருது, சிறுநீர்ப்பை எவ்வளவு சமாளிக்குது, அதைப் பொறுத்துத்தான் தொந்தரவு. அதனால டாக்டர் ஏழு கேள்வி கேட்பார்: ராத்திரி எத்தனை தடவை, விட்டு விட்டுப் போகுதா, முக்க வேண்டியிருக்கா, இப்படி. மொத்தம் 35 மார்க். 7 வரைக்கும் லேசு, 20-லேர்ந்து கடுமை. கடைசியா தனியா ஒரு கேள்வி: இனி வாழ்நாள் பூரா இப்படியேதான்னா உங்களுக்கு எப்படி இருக்கும்? என்னைக் கேட்டா, மருந்து வேணுமான்னு முடிவு பண்றதுல இந்தக் கேள்விக்குத்தான் பெரிய பங்கு. ஸ்கேன்லயும் கிராமை விட, போயிட்டு வந்த பிறகு உள்ள எத்தனை மில்லி தங்குதுன்னு பாருங்க.

ராத்திரி எழுந்திருக்கிறதெல்லாம் புராஸ்டேட்டாலதான்னு நினைச்சுடாதீங்க. சர்க்கரை, கால் வீக்கம், பிரஷருக்குச் சாப்பிடற நீர் மாத்திரை, இதெல்லாமும் எழுப்பும்.

பஸ்ல போகணுமேன்னு பயந்து நாள் பூரா தண்ணியே குடிக்காம இருக்கிற பெரியவங்க நிறைய. அது தப்பு. பகல்ல நல்லா குடிங்க, சாயங்காலத்துக்கு மேல குறைங்க, காபி டீயையும் சேர்த்து. மலச்சிக்கல் வராம பார்த்துக்கங்க. சிறுநீர் போன பிறகு ஒரு நிமிஷம் பொறுத்து இன்னொரு தடவை முயற்சி பண்ணுங்க.

மாத்திரைன்னா, டாம்சுலோசின் வகை சில நாள்லயே வேலை செய்யும். சட்டுன்னு எழுந்தா தலை சுத்தும், கட்டில்ல உட்கார்ந்துட்டு எழுந்திரிங்க. கண்புரை ஆபரேஷன் வருதுன்னா, இந்த மாத்திரை சாப்பிடறதை, எப்பவோ சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும், கண் டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க. ஆபரேஷன் நடுவுல கருவிழிப் படலம் தொளதொளன்னு ஆகிடலாம். முன்னாடியே தெரிஞ்சா அவர் தயாரா இருப்பார். ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடுக்கு ஆறு மாசமாவது பொறுமை வேணும். அதுங்க பிஎஸ்ஏ அளவைப் பாதியாக் குறைச்சுக் காட்டும், அதையும் டாக்டர் கவனத்துல வைக்கணும். ஆன்லைன்ல விக்கிற சா பால்மெட்டோ கேப்சூலுக்கு நான் காசு செலவு பண்ண மாட்டேன். பெரிய ஆய்வுகள்ல அது வெத்து மாத்திரையை விட மேலா எதுவும் செய்யல.

இன்னொண்ணு, மெடிக்கல் ஷாப்ல சாதாரணமா வாங்கற சளி மாத்திரை. அட்டையில ஃபினைல்எஃப்ரின், குளோர்ஃபெனிரமின்னு இருந்தா, புராஸ்டேட் வீக்கம் இருக்கிறவருக்கு அது சிறுநீரையே அடைச்சுடலாம். அடிவயிறு கல்லாட்டம் இருக்கு, வலி தாங்கல, ஒரு சொட்டும் வரலைன்னா, இன்னும் தண்ணி குடிச்சுப் பார்க்காதீங்க. விடியட்டும்னு காத்திருக்காதீங்க. அந்த நேரத்துக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க, டியூப் போட்டு எடுத்துடுவாங்க. நிறைய பேருக்கு சில நாள் மாத்திரைக்குப் பிறகு டியூபை எடுத்துடலாம்.

திரும்பத் திரும்ப அடைச்சாலோ, சிறுநீரகம் பாதிச்சாலோ ஆபரேஷன். வயித்தைக் கிழிக்காம, சிறுநீர்க் குழாய் வழியாவே போய்ச் சுரண்டி எடுக்கறாங்க; லேசர்லயும் செய்யறாங்க. அதுக்குப் பிறகு பெரும்பாலானவங்களுக்கு விந்து வெளிய வராம சிறுநீர்ப்பைக்குள்ள போயிடும். உடம்புக்குக் கெடுதல் இல்ல, ஆனா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். டாக்டர் சொல்லலைன்னா நீங்களே கேளுங்க.